சிரிப்பு நடிகர் அழலாமா?

சிரிப்பு நடிகர் ஒருவர் சினிமாவில் தேம்பித் தேம்பி அழுகிறார். கொட்டகையில் இருக்கும் ஜனங்கள் என்ன செய்வார்கள்?

"சிரித்துவிடுவார்கள்!"

பட அதிபர்கள் வெகு காலமாக இப்படித்தான் எண்ணிக்கொண்டு இருந்தார்கள். "முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வருகிற ஆளை அழ விட்டால், படம் படுத்துவிடும்" என்று பயந்தார்கள்.

அந்தப் பயம் இப்போது போய்விட்டது.

2023-ம் ஆண்டில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, வெற்றிமாறன் டைரக்ட் செய்த "விடுதலை". அதில் கதாநாயகன், சூரி! மலைக்காட்டில் உள்ள போலீஸ் முகாமில் ஜீப் ஓட்டும் கான்ஸ்டபிளாக வருகிறார். அவர் கண் எதிரே அநியாயம் நடக்கிறது. வாயைத் திறக்க முடியவில்லை. அவருடைய தவிப்பைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

இன்னொன்று, மாரி செல்வராஜ் டைரக்ட் செய்த "மாமன்னன்". அதில் வடிவேலு எம்.எல்.ஏ. ஆக வருகிறார். எம்.எல்.ஏ. ஆன பிறகும், கட்சிப் பெரிய மனிதரின் வீட்டில் நாற்காலியில் உட்கார முடியாத ஒரு தகப்பனார் அவர். அந்தப் படத்தில் வடிவேலு அழுதார். ஜனங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே 2021-ல் "மண்டேலா" வந்தது. ஓர் ஊரில் இரண்டு கட்சிக்கும் ஓட்டுகள் சமமாக இருக்கின்றன. ஊரில் முடி வெட்டும் ஓர் ஏழையின் ஒரே ஓட்டு ஜெயிக்கப்போவது யார் என்று முடிவு செய்யப்போகிறது. அந்த ஏழை, யோகி பாபு. 2022-ல் "செம்பி". அதில் பேத்திக்காகப் போராடும் மலைவாசிக் கிழவியாக வந்தவர், கோவை சரளா.

சூரி இப்போது கதாநாயகனாகவே வரிசையாக நடிக்கிறார். 2024-ல் "கருடன்", "கொட்டுக்காளி". 2025-ல் "மாமன்".

இதெல்லாம் நல்ல சேதிதான். ஆனால் இந்தப் படங்கள் வந்தபோது ஊரெல்லாம் ஒரு பேச்சு அடிபட்டது. "அடடே! இவர் நல்ல நடிகர் என்று நிரூபித்துவிட்டார்!"

இதைக் கேட்டதும் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. அப்படியானால், இத்தனை வருஷமாக அவர் என்ன செய்துகொண்டு இருந்தார்?

பரோட்டாப் பந்தயம்

2009-ல் "வெண்ணிலா கபடிக் குழு" வந்தது. அதில் சூரி, பரோட்டாக் கடையில் பந்தயம் கட்டித் தின்பார். கடைக்காரர் கோடு போட்டுக் கணக்கு எழுதுவார். கணக்கில் தகராறு வரும். "அந்தக் கோட்டை எல்லாம் அழித்துவிட்டு, முதலில் இருந்து ஆரம்பிக்கலாம்" என்று சூரி சாவகாசமாகச் சொல்லுவார். கடைக்காரரின் முகம் போன போக்கை யாரால் மறக்க முடியும்?

வேறு ஒருவர் சொல்லியிருந்தால் அது சாதாரண வசனம். அவர் சொன்ன விதத்தில், சூரிக்குப் "பரோட்டா சூரி" என்றே பெயர் வந்துவிட்டது. வயிறு முட்டத் தின்றவன் இன்னும் பசியோடு இருப்பவனைப் போலப் பேசுகிறானே, அது நடிப்பு இல்லையா?

சிரிக்க வைத்தால் "கோமாளி". அழ வைத்தால் "நடிகர்". இந்த வழக்கு நம் நாட்டில் வெகு நாளாக இருக்கிறது. இந்த வழக்கில் சிக்கி, வாழ்நாள் முழுவதும் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் நாகேஷ்.

வயிற்று வலி

நாகேஷ் 1933-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ந் தேதி பிறந்தவர். ஊர், தாராபுரம். கன்னடம் பேசும் குடும்பம். ஒல்லியான உடம்பு. முகத்தில் அம்மைத் தழும்பு. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "நாம் சினிமாவுக்குப் போகலாம்" என்று தைரியமாகச் சொல்லக்கூடிய முகம் அல்ல.

சென்னைக்கு வந்தார். ரெயில்வேயில் குமாஸ்தா வேலை. தங்கி இருந்த இடத்தில் இவருக்கு அறைத் தோழர்கள் யார் தெரியுமா? பிறகு கவிஞராகப் புகழ் பெற்ற வாலி. பிறகு நடிகர் ஆன ஸ்ரீகாந்த். மூன்று பேருக்கும் அப்போது வேலை, பசியை ஒருவருக்கு ஒருவர் பங்கிட்டுக்கொள்வதுதான்!

ரெயில்வே ஊழியர்கள் நாடகம் போட்டார்கள். அதில் நாகேஷுக்கு ஒரு துண்டு வேஷம் கிடைத்தது. வயிற்று வலிக்காரன் வேஷம். மேடைக்கு வர வேண்டும், வலிக்கிறது என்று துடிக்க வேண்டும், போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

நாகேஷ் துடித்தார். எப்படித் துடித்தார்? கைகள் ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம். உடம்பே ஒரு கயிறு போல முறுக்கிக்கொண்டது. சபை முழுவதும் சிரித்தது. நாடகத்தைப் பார்க்க வந்திருந்தவர் எம்.ஜி.ஆர். கதாநாயகனை விட்டுவிட்டு, அந்த வயிற்று வலிக்காரனை அவர் பாராட்டினார்.

வலியைப் பார்த்து ஜனங்கள் சிரிக்கிறார்கள்! இதை நாகேஷ் தம் முதல் வேஷத்திலேயே கண்டுகொண்டார். வலிக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான் இருக்கிறது. அந்தச் சுவரின் மேல் ஏறி நின்றுகொண்டே அவர் ஐம்பது வருஷம் நடித்தார்.

1959-ல் "தாமரைக்குளம்" படத்தில் முதன் முதலாகத் தலை காட்டினார். வேலையையும் விட்டார். சினிமா உடனே கை கொடுத்துவிடவில்லை. கை கொடுத்தது நாடக மேடை.

ஆபீஸ் நாடகங்கள்

அந்தக் காலத்து நாடகத்தைப் பற்றி இளைஞர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்திய தலைமுறையில் "பாய்ஸ் கம்பெனி" நாடகங்கள் இருந்தன. சின்னப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, சோறு போட்டு, பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுத்து, ஊர் ஊராகப் போவார்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அப்படி டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் வளர்ந்தவர்தான். இன்றைக்கு ராஜா வேஷம் போடுகிற பையன் நாளைக்குப் பெண் வேஷம் போட வேண்டும். மறுநாள் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால், வில்லன் வேஷமும் போட வேண்டும். "நான் சிரிப்பு நடிகன், எனக்கு அழத் தெரியாது" என்று அங்கே சொல்ல முடியாது. சோறு கிடைக்காது!

அந்தக் கம்பெனிகள் மறைந்த பிறகு, சென்னையில் வேறு ஒரு விதமான நாடகம் தழைத்தது. பகலில் ஆபீஸ் வேலை. சாயங்காலம் ஒத்திகை. சபாக்களில் சந்தா கட்டிய உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்து உட்காருவார்கள். நாடகம் எழுதுகிறவரும் ஆபீஸ்காரர்தான், நடிக்கிறவரும் ஆபீஸ்காரர்தான்.

அப்படி எழுதியவர்களில் ஒருவர் கே.பாலசந்தர். அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் வேலை பார்த்தவர். நாகேஷை வைத்தே நாடகங்கள் எழுதினார். அதில் ஒன்றுதான் "சர்வர் சுந்தரம்".

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பாலசந்தர், நாகேஷைச் சிரிப்பு நடிகர் என்று பார்க்கவில்லை. "இந்த உடம்புக்குள் ஒரு ஏழை மனிதன் இருக்கிறான். அவனுடைய கதையை எழுதலாம்" என்று பார்த்தார்.

காபி டம்ளரும் கண்ணீரும்

"சர்வர் சுந்தரம்" 1964-ல் படமாக வந்தது. ஏவி.எம். தயாரிப்பு. கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ஷன். கதாநாயகன், நாகேஷ்!

கதையைப் பாருங்கள். சுந்தரம் ஓட்டலில் சர்வர். அடுக்கடுக்காக டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். ராதா என்ற பெண்ணை மனதுக்குள் காதலிக்கிறான். அந்த வேஷத்தில் கே.ஆர்.விஜயா. சுந்தரம் சினிமாவில் சேருகிறான், பெரிய சிரிப்பு நடிகன் ஆகிறான். பணம் வருகிறது, பங்களா வருகிறது. ஆனால் ராதா விரும்புவது அவனை அல்ல, அவனுடைய நண்பனை. நண்பனாக வந்தவர் முத்துராமன்.

அதோடு நின்றதா? சுந்தரம் ஸ்டூடியோவில் நடித்துக்கொண்டு இருக்கும்போது வீட்டில் தாயாருக்கு விபத்து. டெலிபோனில் சேதி வருகிறது. படப்பிடிப்பு கெட்டுவிடுமே என்று அவனிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது தாயார் இல்லை. கடைசியில் அவன் பங்களாவையும் புகழையும் உதறிவிட்டு, பழையபடி சர்வர் வேலைக்கே போகிறான்.

சிரிப்பு நடிகனைக் கதாநாயகனாகப் போட்டு, சிரிப்பு நடிகனுடைய துயரத்தையே கதையாக எடுத்துவிட்டார்கள். அந்தத் துணிச்சல் 1964-லேயே வந்துவிட்டது. இப்போது என்னவோ புதிதாக நடப்பதாக நாம் மார் தட்டிக்கொள்கிறோம்!

அடுத்த வருஷம், 1965-ல் "நீர்க்குமிழி". அதுவும் மேடை நாடகம்தான். பாலசந்தர் டைரக்ட் செய்த முதல் படம். முழுக்க முழுக்க ஆஸ்பத்திரியில் நடக்கும் கதை. நாகேஷ், சாகப்போகிற நோயாளி. மற்ற நோயாளிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார். 1966-ல் "மேஜர் சந்திரகாந்த்". அதில் தங்கையைக் கெடுத்தவனைக் கொல்லும் தையல்காரர். 1968-ல் "எதிர்நீச்சல்". மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் அநாதைப் பையன் மாது. அந்த வீட்டில் குடியிருக்கும் எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து, சோறு வாங்கித் தின்று, காலேஜில் படிக்கிறவன்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இந்தப் படங்களில் அழ வைத்த அதே வருஷங்களில் நாகேஷ் சிரிப்பை விட்டுவிடவில்லை. "சர்வர் சுந்தரம்" வந்த அதே 1964-ல்தான் ஸ்ரீதரின் "காதலிக்க நேரமில்லை" வந்தது. "நீர்க்குமிழி" வந்த அதே 1965-ல்தான் "திருவிளையாடல்" வந்தது. "எதிர்நீச்சல்" வந்த 1968-ல்தான் "தில்லானா மோகனாம்பாள்" வைத்தி வந்தான்.

"நான் கதாநாயகன் ஆகிவிட்டேன். இனிமேல் துண்டு வேஷம் போட மாட்டேன்" என்று அவர் சொல்லியிருந்தால்? தருமி இல்லை! வைத்தி இல்லை!

ஏழைப் புலவர்

தருமியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும்.

ராஜாவுக்குச் சந்தேகம். தீர்த்து வைப்பவருக்கு ஆயிரம் பொன். ஏழைப் புலவன் தருமிக்குப் பாட்டு எழுத வரவில்லை. கோயிலில் வந்து தனியாகப் புலம்புகிறான். பிறகுதான் சிவபெருமானாக சிவாஜி கணேசன் வருகிறார்.

அந்தப் புலம்பலை மறுபடியும் பாருங்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. யாரோடும் பேசவில்லை. ஒரே ஆள் நடந்துகொண்டே பேசுகிறார். கால் ஒரு பக்கம் போகிறது. பேச்சு ஒரு பக்கம் போகிறது. கை வேறு ஏதோ கணக்குப் போடுகிறது. கேட்க யாரும் இல்லாத இடத்தில், ஒரு ஊரே கேட்பதுபோலப் பேசுகிறார். இது மேடையில் தனியாக நின்று பழகியவருக்கு மட்டுமே வரும்.

பிறகு சிவாஜியோடு வாதம். அகில இந்தியாவும் மெச்சிய நடிகர் எதிரில் நிற்கிறார், அதுவும் கடவுள் வேஷத்தில்! நாகேஷ் கொஞ்சமாவது சளைத்தாரா? இல்லை. ஆனால் அவரை மிஞ்சப் பார்க்கவும் இல்லை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பந்து போல வசனம் போய்ப் போய் வருகிறது.

பாட்டை வாங்கிக்கொண்டு சபைக்குப் போகிறான் தருமி. நக்கீரர் குற்றம் சொல்கிறார். அந்த வேஷத்தில் வந்தவர், படத்தை டைரக்ட் செய்த ஏ.பி.நாகராஜன்தான். பொன் கைக்கு எட்டும் நேரத்தில் போய்விட்டது. அப்போது தருமியின் முகத்தைப் பாருங்கள். திருட்டுப் பிடிபட்ட வெட்கம். பசி. ஏமாற்றம். மூன்றும் ஒரே முகத்தில் இருக்கின்றன. நாம் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே, "ஐயோ பாவம்" என்கிறோம்.

அந்த "ஐயோ பாவம்" எங்கே இருந்து வந்தது? சர்வர் சுந்தரத்தை அழ வைத்தவர் அல்லவா இவர்! அழ வைக்கத் தெரிந்ததால்தான் சிரிப்பில் இந்த ஆழம் வந்தது.

மூச்சு விடும் நேரம்

சிரிக்க வைப்பது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்லலாம்.

மேடையில் நடிகர் ஒரு வசனம் சொல்கிறார். சபை சிரிக்கிறது. சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். அடங்குவதற்கு முன்னால் அடுத்த வசனத்தைச் சொன்னால் யார் காதிலும் விழாது. முழுக்க அடங்கிய பிறகு சொன்னால் சூடு ஆறிப்போகும். சிரிப்பு இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் சொல்ல வேண்டும். சபை சிரிக்கவே இல்லையா? உடனே தெரிந்துவிடும். நாளைக்கு அந்த வசனத்தை மாற்றிவிடலாம்.

சினிமாவில் அப்படி இல்லை. காமிரா ஓடும்போது ஸ்டூடியோவில் யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் படம் கெட்டுவிடும். மயான அமைதி! ஆனால் நடிகர், பல மாதங்கள் கழித்து எங்கோ ஒரு ஊர்க் கொட்டகையில் ஜனங்கள் எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்பதை மனதுக்குள் எண்ணி, அவ்வளவு இடம் விட்டுத்தான் அடுத்த வசனத்தைப் பேச வேண்டும்.

இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவது இல்லை. நூறு முறை சபைக்கு முன்னால் நின்று, அடி வாங்கி, தானாகப் படிய வேண்டும்.

"காதலிக்க நேரமில்லை" படத்தில் நாகேஷ், தகப்பனார் டி.எஸ்.பாலையாவுக்குத் தாம் எடுக்கப் போகும் பேய்ப் படத்தின் கதையைச் சொல்லுவாரே, அந்தக் காட்சியை எத்தனை வீட்டில் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்! வாயாலேயே கதவு திறக்கிறது, வாயாலேயே காற்று அடிக்கிறது. பாலையா வசனமே பேசாமல் பயந்து நடுங்குகிறார். பாலையா பழைய நாடகக் கம்பெனியில் இருந்து வந்து, 1936-ல் "சதிலீலாவதி"யில் நடித்தவர். நாகேஷ் ஆபீஸ் நாடகத்தில் இருந்து வந்தவர். இரண்டு தலைமுறை மேடை அந்த அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தது. யார் எப்போது நிறுத்த வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

டிராக் போன கதை

இனி இன்றைய நிலைக்கு வருவோம். சிரிப்பு நடிகர்கள் ஏன் கதாநாயகர்கள் ஆகிறார்கள்?

ஆசை ஒரு காரணம். சம்பளம் ஒரு காரணம். போஸ்டரில் பெரிய படம் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் பெரிய காரணம் வேறு. அவர்கள் குடியிருந்த வீடே இடிந்துவிட்டது!

முன்பெல்லாம் படத்தின் கதை ஒரு பக்கம் போகும். சிரிப்புப் பகுதி தனியாக ஒரு பக்கம் போகும். அதற்கு "காமெடி டிராக்" என்று பெயர். அதை எழுதுவதற்கு என்றே ஆட்கள் உண்டு. கவுண்டமணி-செந்திலுக்கு எழுதிய ஏ.வீரப்பன் அப்படிப்பட்டவர். அவரும் நாடகத்தில் இருந்து வந்தவர்தான். 1989-ல் வந்த "கரகாட்டக்காரன்" வாழைப்பழக் காட்சியைச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும்.

குடும்பத்தோடு சினிமாவுக்குப் போகிறவர்கள் அப்போது எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் கேட்டார்கள். பாட்டு, சண்டை, அழுகை, சிரிப்பு. கல்யாணச் சாப்பாடு போல எல்லாம் இலையில் இருக்க வேண்டும்.

இப்போது படத்தின் நீளம் குறைந்துவிட்டது. சிரிப்பு வேண்டும் என்றால் கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கதையோடு ஒட்டாத சிரிப்பை டைரக்டர்கள் வெட்டிவிடுகிறார்கள். கதாநாயகனே சிரிப்பு வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். மிச்சம் இருப்பது என்ன? கதாநாயகனுக்கு நண்பனாக நின்று, நாலு வசனம் பேசிவிட்டுப் போகும் வேலை. அதை எத்தனை வருஷம் செய்வது?

ஆகவே அவர்கள் கதாநாயகன் வேஷத்துக்குத் தாவுவதைக் குறை சொல்ல மாட்டோம். சூரியும் வடிவேலுவும் யோகி பாபுவும் நன்றாகவே நடித்திருக்கிறார்கள். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அவர்கள் காலி செய்த இடத்துக்கு யார் வருவார்கள்? எங்கே இருந்து வருவார்கள்?

கலைவாணர் வந்த பாய்ஸ் கம்பெனி இன்று இல்லை. நாகேஷ் வந்த ஆபீஸ் நாடகமும் அந்த நாள் போல இல்லை. 1975-ல் சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. பிறகு வீட்டுக்கு வீடு தொடர் நாடகம் வந்தது. சாயங்காலம் சபாவுக்குப் போன குடும்பம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. "சோ", எஸ்.வி.சேகர், ஒய்.ஜி.மகேந்திரன், "கிரேஸி" மோகன் ஆகியோர் வெகு காலம் மேடையைத் தாங்கிப் பிடித்தார்கள். மோகன் 2019-ல் காலமானார். நாடகத்தில் பழுத்து சினிமாவுக்கு வந்து, சிரிப்பும் அழுகையும் இரண்டும் தெரிந்து நடித்த டெல்லி கணேஷ் 2024-ல் காலமானார்.

இப்போது சிரிப்பு நடிகர்களைத் தருவது டெலிவிஷன்தான். சந்தானமும் யோகி பாபுவும் "லொள்ளு சபா"வில் இருந்து வந்தார்கள். சிவகார்த்திகேயன் சிரிப்புப் போட்டி நிகழ்ச்சியில் இருந்து வந்தார். திறமைசாலிகள்தான். ஆனால் டெலிவிஷனில் ஜோக் சொன்னவுடன் நடுவர் சிரிக்கிறார். அவர் சிரிக்காவிட்டால், பதிவு செய்த சிரிப்பை ஒட்டிவிடலாம். சபையின் மௌனம் என்ற பிரம்படி அங்கே இல்லை. அதோடு, அங்கே மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை சிரிப்பு வந்தால் போதும். ஒரு மனிதனின் முழுக் கதையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியது இல்லை.

இந்தப் பயிற்சி இல்லாமல் கதாநாயகன் ஆகிறவர்களில் சிலர் தடுமாறுவதைப் பார்க்கிறோம். அழுகைக் காட்சி வந்தால் முகத்தை இறுக்கிக்கொள்கிறார்கள். சிரிப்பை அடியோடு துடைத்துவிட்டால் கனமான நடிப்பு வந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

பேசாத வேஷம்

நாகேஷுக்கும் இறங்கு காலம் வந்தது. தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று புதியவர்கள் வந்தார்கள். பிறகு கவுண்டமணி-செந்தில் வந்தார்கள். 1975-ல் "அபூர்வ ராகங்கள்" படத்தில், குடித்துவிட்டுத் தம் நிழலோடு பேசும் டாக்டராக வந்தார் நாகேஷ். அதற்கு அப்புறம் முன்பு போல வரிசையாகப் பெரிய வேஷங்கள் வரவில்லை.

1989-ல் கமலஹாசனின் "அபூர்வ சகோதரர்கள்". அதில் நாகேஷ் கொடிய வில்லன்! அப்பாவைக் கொன்று, கர்ப்பிணிக்கு விஷம் கொடுக்கும் கூட்டத்தில் ஒருவர். ஜனங்கள் திடுக்கிட்டார்கள். சிரிப்பு மூட்டிய அந்த ஒல்லி உடம்பையும் வேகப் பேச்சையும் வைத்தே அவர் பயமுறுத்தினார்.

1994-ல் "மகளிர் மட்டும்". அதில் என்ன வேஷம்? பிணம்! ஆஸ்பத்திரியில் இருந்து மூன்று பெண்கள் ஆள் மாறாட்டத்தில் தூக்கிக்கொண்டு வரும் பிணம். வசனம் கிடையாது. கண் சிமிட்டக் கூடாது. மூச்சு விடுவது தெரியக் கூடாது. ஓடி ஆடிப் பேசியே பெயர் வாங்கியவர் ஓடாமல், ஆடாமல், பேசாமல் கொட்டகையைக் குலுங்க வைத்தார். தூக்குகிறவர்களின் கைக்குத் தகுந்தபடி உடம்பைத் தளர விட வேண்டும். ஒரு நரம்பு விறைத்தாலும் உயிர் இருப்பது தெரிந்துபோகும். பிணமாக நடிக்கவும் எத்தனை வருஷப் பயிற்சி வேண்டி இருக்கிறது, பாருங்கள்!

அதே 1994-ல் "நம்மவர்" வந்தது. அதில் நாகேஷ், மகளைப் பறிகொடுத்த தகப்பனார். கல்லூரி ஆசிரியர். மகள் தற்கொலை செய்துகொண்ட பிறகு, அவர் தவிக்கும் தவிப்பைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்த வேஷத்துக்குத்தான் அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது.

தருமிக்குத் தேசிய விருது இல்லை. வைத்திக்கு இல்லை. பிணத்துக்கும் இல்லை! அழுத பிறகுதான் கிடைத்தது.

தமிழக அரசின் சினிமா விருதுகளில் சிறந்த நகைச்சுவை நடிகருக்கு என்று தனி விருது உண்டு. தேசிய விருதுகளில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. பத்ம விருதும் நாகேஷுக்குக் கிடைக்கவில்லை. மனோரமாவுக்கு 2002-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. விவேக்குக்கு 2009-ல் கிடைத்தது. விவேக்குக்குக் கிடைத்தது நியாயம்தான். அந்த விருதுப் பட்டியல் வந்தது ஜனவரி மாதக் கடைசியில். அதே மாதம் 31-ந் தேதி நாகேஷ் காலமானார். வயது 75.

அவர் உயிரோடு இருந்தபோது வெளியான கடைசிப் படங்களில் ஒன்று, 2008-ல் வந்த "தசாவதாரம்". அதில் வயதான முஸ்லிம் பெரியவராக வருவார். மனைவியாக வருபவர் யார் என்று கவனித்தீர்களா?

கே.ஆர்.விஜயா!

சர்வர் சுந்தரம் காபி டம்ளரோடு ஓடி ஓடிக் காதலித்தானே, அதே ராதா. அவள் அவனுக்கு வீட்டுக்காரி ஆவதற்கு 44 வருஷம் ஆயிற்று.